வானம் தவறினால் விதைக்கு யார் பொறுப்பு?



வீரிய ஒட்டு நெல் விதை என்று பளபளக்கும் பையில் கட்டி விற்கிறார்கள். ஏக்கருக்கு ஆறு முதல் எட்டு கிலோ போதும், விளைச்சல் கூடும் என்கிறார்கள். விலையோ நம்ம களத்து விதைநெல்லை விடப் பல மடங்கு. சரி, அடுத்த போகத்துக்கு இதிலேயே விதை எடுத்து வைக்கலாமா என்று கேட்டால், "வைக்காதீங்க, மறுபடி வாங்குங்க" என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது.

ஏன் வைக்கக்கூடாது? அந்த விதை எப்படி உண்டாகிறது? அதை உண்டாக்கும்போது வெயிலும் பனியும் ஏமாற்றினால் நட்டம் யாருக்கு? இதை யாரும் நம்மிடம் உட்கார்ந்து சொன்னதில்லை. அதனால் இந்தத் துண்டறிக்கையில் நாமே பேசிவிடுவோம். விஷயம் அறிவியல்தான். ஆனால் நாற்று விட்டு, நடவு நட்டு, கதிர் பார்த்த கைகளுக்கு இது ஒன்றும் எட்டாத சங்கதி கிடையாது.

நெல் பூவுக்குள் என்ன நடக்கிறது?

நெல் தன் பூவுக்குள்ளேயே கல்யாணத்தை முடித்துக்கொள்ளும் பயிர். ஒரு பூவுக்குள்ளேயே ஆறு மகரந்தப் பைகளும் இருக்கும், சூல்முடியும் இருக்கும். காலை பத்து மணிவாக்கில் பூ விரியும். கொஞ்ச நேரத்தில் மூடிக்கொள்ளும். அதற்குள் அதன் மகரந்தம் அதன் மேலேயே விழுந்து மணி பிடித்துவிடும். அதனால்தான் நம்ம பாட்டன் பூட்டன் காலத்திலிருந்து ஒரே ரகத்தை ஆண்டுக்கணக்கில் விதையெடுத்துப் பயிர் செய்ய முடிந்தது.

வீரிய ஒட்டு என்பது இரண்டு வேறு ரகங்களைக் கலந்து பெறும் முதல் தலைமுறை விதை. அந்த முதல் தலைமுறைக்கு ஒரு தனி வேகம் உண்டு. தூர் கட்டுவதும் கதிர் நீளமும் கூடும். ஆனால் கலப்பதற்கு ஒரு தடை இருக்கிறது. தாயாக வைக்கும் செடி தன் மகரந்தத்திலேயே மணி பிடித்துவிட்டால் கலப்பு எப்படி நடக்கும்? கோடிக்கணக்கான பூக்களைக் கையால் பிரித்து மகரந்தப் பையைக் கிள்ளி எறிய முடியுமா? முடியாது. ஆகவே மகரந்தமே பிடிக்காத செடி வேண்டும். அதைத்தான் ஆண் மலட்டுச் செடி என்கிறார்கள். பெண் பாகம் நன்றாக இருக்கும், ஆண் பாகம் மட்டும் வேலை செய்யாது. பக்கத்து வரிசையில் நட்ட வேறு ரகத்தின் மகரந்தம் காற்றில் வந்து விழுந்தால் மணி பிடிக்கும். அந்த மணிதான் வீரிய ஒட்டு விதை.

மூவழி முறையும் இருவழி முறையும்

சீனாவில் யுவான் லோங்பிங் என்ற வேளாண் பள்ளி ஆசிரியர் 1964இல் இந்தத் தேடலைத் தொடங்கினார். 1970இல் ஹைனான் தீவில் அவருடைய உதவியாளர்கள் ஒரு காட்டு நெல் செடியில் ஆண் மலட்டுத் தன்மையைக் கண்டார்கள். 1976இலிருந்து வீரிய ஒட்டு நெல் அந்நாட்டு வயல்களில் பரவியது. பிறகு அங்கே நெல் பரப்பில் ஏறக்குறைய பாதியை அது பிடித்துக்கொண்டது.

அந்த முதல் முறைக்கு மூவழி முறை என்று பேர். மலட்டுத் தாய் ஒன்று, அந்தத் தாயைப் பெருக்கிக் கொடுக்க ஒரு பராமரிப்பு ரகம், மலட்டை நீக்கி விளைச்சல் தர ஒரு மீட்பு ரகம் என மூன்றையும் ஆண்டுதோறும் காப்பாற்ற வேண்டும். தகப்பனாக எல்லா ரகமும் ஒத்துவராது. நம்ம தமிழ்நாட்டில் 1994இல் கோவை வேளாண் பல்கலைக்கழகம் வெளியிட்ட கோ.ஆர்.எச். 1, அதாவது எம்.ஜி.ஆர். நெல், இந்த முறையில் வந்ததுதான். இன்றைக்கும் இந்தியாவில் விற்கும் வீரிய ஒட்டு நெல் விதையில் பெரும்பகுதி மூவழி முறைதான்.

இரண்டாவது வழி 1973இல் திறந்தது. ஹூபெய் மாகாணத்தில் ஷி மிங்சோங் என்ற வேளாண் ஊழியர் நோங்கென் 58 என்ற ரகத்தின் வயலில் சில விசித்திரச் செடிகளைப் பார்த்தார். பகல் நீளமாக இருக்கும் கோடையில் கதிர் வந்தால் மகரந்தம் இல்லை. பகல் குறையும் காலத்தில் கதிர் வந்தால் அதே செடி மணி பிடிக்கிறது! 1980களின் பிற்பகுதியில் ஹூனான் மாகாணத்தில் இன்னொரு செடி கிடைத்தது. அன்னோங் எஸ்-1 என்று பேர் வைத்தார்கள். அதற்குப் பகல் நீளம் முக்கியமில்லை, வெப்பம்தான் முக்கியம். சூடு கூடினால் மலடு, சூடு குறைந்தால் மகரந்தம்.

இப்போது யோசித்துப் பாருங்கள். குளிர்ந்த இடத்தில் விதைத்தால் அந்தச் செடி தன் விதையைத் தானே பெருக்கிக்கொள்ளும், பராமரிப்பு ரகம் தேவையில்லை. சூடான இடத்தில் விதைத்தால் மலட்டுத் தாயாகி ஒட்டு விதை கொடுக்கும். தாய், தகப்பன் இரண்டே போதும். அதனால் இது இருவழி முறை. ஏறக்குறைய எந்த நல்ல ரகத்தையும் தகப்பனாக வைக்கலாம் என்பது இதன் பெரிய சௌகரியம்.

நம்ம பக்கம் கோடைக்கும் குளிர்காலத்துக்கும் பகல் நீளம் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடத்தான் மாறும். பகல் நீளத்தை நம்பும் செடி இங்கே உதவாது, வெப்பத்துக்கு மாறும் செடிதான் உதவும். அதனால்தான் கோவை வேளாண் பல்கலைக்கழகம் அப்படிப்பட்ட தாய் ரகங்களை உருவாக்கி, நீலகிரி மாவட்டம் கூடலூரின் குளிரில் பெருக்கிப் பார்க்கும் வேலையைச் செய்தது. மலையில் தாயைப் பெருக்கு, சமவெளியில் ஒட்டு விதை எடு. இதுதான் கணக்கு.

ஒரே ஒரு எழுத்துப் பிழை

இதெல்லாம் எதனால் நடக்கிறது? மரபணுவால். செடியின் உடம்பு எப்படி இருக்க வேண்டும் என்று எழுதி வைத்த குறிப்புதான் மரபணு. ஒவ்வொரு குறிப்பும் இரண்டு படி இருக்கும். ஒன்று தாய் கொடுத்தது, மற்றொன்று தகப்பன் கொடுத்தது.

நோங்கென் செடியின் மலட்டுக்குக் காரணமான மரபணு மாற்றத்தை 2012இல் சீன விஞ்ஞானிகள் கண்டுபிடித்து வெளியிட்டார்கள். அன்னோங் செடியில் இருக்கும் டி.எம்.எஸ். 5 என்ற மரபணுவை 2014இல் வெளியிட்டார்கள். இரண்டிலும் நடந்தது ஒரே ஒரு எழுத்து மாற்றம்! டி.எம்.எஸ். 5 மரபணு, செல்லுக்குள் ஆர்.என்.ஏ. என்னும் செய்திச் சீட்டுகளை வெட்டிச் சீர்செய்யும் ஒரு நொதியை உண்டாக்குவது. எழுத்து மாறியதால் அந்த நொதி அரைகுறையாக நின்றுவிடுகிறது. குளிரில் அந்தக் குறை செடிக்குத் தெரிவதில்லை. சூடு ஏறினால் சீர்செய்யாத சரக்கு குவிந்து, மகரந்தம் உருவாகும் இடத்திலேயே கெட்டுப்போகிறது.

இரண்டு படியும் கெட்டிருந்தால்தான் செடி மலடாகும். ஒரு படி நல்லதாக இருந்தாலும் போதும், மகரந்தம் பிடிக்கும். கடையில் வாங்கும் இருவழி ஒட்டு விதையில் தாய் கொடுத்த கெட்ட படி ஒன்று, தகப்பன் கொடுத்த நல்ல படி ஒன்று. அதனால் நம்ம வயலில் மணி பிடிக்கிறது.

அதிலிருந்து விதை எடுத்து மறுபடி விதைத்தால் என்ன ஆகும்? நூறு செடிக்கு இருபத்தைந்து செடியில் இரண்டு கெட்ட படியும் சேர்ந்துவிடும். குறுவை வெயிலில் அந்தக் கால்வாசிச் செடியில் மகரந்தம் இருக்காது. பக்கத்துச் செடி மகரந்தத்தில் கொஞ்சம் மணி பிடித்தால் உண்டு, மற்றதெல்லாம் பதர், கருக்காய். மீதிச் செடிகளும் ஒன்று உயரம், ஒன்று குட்டை, ஒன்று முந்தி, ஒன்று பிந்தி என்று கலைந்து நிற்கும். விதை எடுத்து வைக்கக்கூடாது என்பதற்கு உண்மையான காரணம் இதுதான். இதைப் பையின் மேல் தமிழில் நாலு வரி எழுதினால் என்ன கேடு?

இன்னொன்றையும் தெளிவாகச் சொல்ல வேண்டும். இதை 'முளைக்காத விதை' என்று சிலர் பேசுகிறார்கள். அது தவறு. விதை முளைக்கும். மலட்டுத் தன்மை வயலில் இயற்கையாகக் கிடைத்தது, பி.டி. பருத்தியைப் போல வேறு உயிரின் மரபணுவைப் புகுத்தியது கிடையாது. எதிரியை எதிர்க்கும்போதும் பொய் பேசக்கூடாது. நம்ம கேள்வி வேறு.

பூட்டும் சாவியும் வானத்தில்

இந்த முறையில் பூட்டு மரபணுவில் இருக்கிறது, சாவி வானிலையில் இருக்கிறது. கதிர் வெளிவருவதற்குச் சுமார் பத்து முதல் இருபது நாள் முன்பு, சூல் பருவத்தில், வெப்பம் எவ்வளவு என்பதுதான் மலடா இல்லையா என்பதைத் தீர்மானிக்கும். அந்தச் சில நாளில் மழை பிடித்துக்கொண்டு குளிர் இறங்கினால் போச்சு. மலட்டுத் தாய் தானே மகரந்தம் பிடித்து, தன் விதையையே கொடுத்துவிடும்.

1989 கோடையில் சீனாவின் யாங்சி ஆற்றுப் படுகையில் இது நடந்தது. எதிர்பாராத குளிர் வந்தது. மலடு என்று நம்பியிருந்த பல தாய் ரகங்கள் மணி பிடித்தன. ஆராய்ச்சியையே கைவிடலாமா என்ற நிலை. அதற்குப் பிறகுதான், 23.5 டிகிரிக்கு மேல் உறுதியாக மலடாக இருக்கும் தாய் மட்டுமே வேண்டும் என்று அங்கே விதி வகுத்தார்கள். 1995இல்தான் இருவழி முறை வெற்றி என்று அறிவித்தார்கள்.

அதோடும் முடியவில்லை. தாய் ரகத்தைப் பெருக்கும்போது, எந்தச் செடி கொஞ்சம் கூடுதல் சூட்டிலும் மணி பிடிக்கிறதோ அதுதான் அதிக விதை கொடுக்கும். நாலைந்து தலைமுறையில் அந்தச் செடிகளே கூட்டத்தில் பெருகிவிடும். 23 டிகிரியில் மலடான ரகம் மெல்ல மெல்ல 24, 25 என்று வரம்பு ஏறிப்போகும். பெய்ஆய் 64எஸ் என்ற புகழ்பெற்ற தாய் ரகத்திலேயே இது நடந்தது. ஆகவே மூலவிதையை ஆண்டுதோறும் சோதித்து, வரம்பு ஏறிய செடிகளைக் கழித்துக்கொண்டே இருக்க வேண்டும். செலவு பிடிக்கும் வேலை. லாபம் ஒன்றையே பார்ப்பவர் எந்த ஆண்டு இதில் கை வைக்காமல் விடுவார் என்று யார் கண்டது?

நட்டம் எங்கே வந்து விழுகிறது?

இங்கேதான் நம்ம வயிறு எரிகிறது.

முதல் அடி விதை உற்பத்தி செய்யும் விவசாயிக்கு. இந்தியாவில் வீரிய ஒட்டு நெல் விதை பெரும்பாலும் தெலங்கானாவின் கரீம்நகர், வாரங்கல் பக்கத்து விவசாயிகளின் வயலில்தான் உண்டாகிறது. தாய் வரிசை, தகப்பன் வரிசை என்று நட்டு, இரண்டும் ஒரே சமயத்தில் பூக்கும்படி நாற்றைத் தள்ளித் தள்ளி விட்டு, ஜிபரெல்லிக் அமிலம் தெளித்து, காலை வெயிலில் கயிறு இழுத்து மகரந்தத்தைத் தட்டிவிட்டு, கலப்புச் செடியைக் கையால் பிடுங்கி எடுக்க வேண்டும். இவ்வளவு கூலிச் செலவுக்குப் பிறகு, சூல் பருவத்தில் நாலு நாள் குளிரடித்துத் தாய் தன் விதையைப் பிடித்துவிட்டால்? இனத்தூய்மை இல்லை என்று விதையைத் தள்ளிவிடலாம். வானத்தை யார் மேல் வழக்குப் போடுவது? தாய் ரகம் கம்பெனியுடையது, லாபம் கம்பெனியுடையது, குளிர் மட்டும் விவசாயியுடையதா?

அடுத்த அடி வாங்கி விதைக்கும் நமக்கு. தாயின் சொந்த விதையும் ஒட்டு விதையும் பார்வைக்கு ஒரே நெல்தான். வயலில் வளர்த்துப் பார்த்தோ, டி.என்.ஏ. சோதனை செய்தோதான் கண்டுபிடிக்க முடியும். சோதிக்காமல் பையில் போட்டு விற்றால், நம்ம வயலில் அந்தச் செடிகள் சூட்டில் மலடாகிப் பதராக நிற்கும். கதிர் வரும் வரை நமக்குத் தெரியாது. தெரியும்போது வட்டிக் கடனும் உர மூட்டையும் போன வழியே போயிருக்கும். "நீங்க தண்ணி சரியாக் கட்டல", "பூச்சி மருந்து தப்பா அடிச்சீங்க" என்று பழி மட்டும் நம்ம தலையில் வந்து விழும்.

வானிலை நாளுக்கு நாள் முறை தவறுகிறது. பருவம் தப்பிய மழை, திடீர்க் குளிர், மலையிலும் கூடும் சூடு. சமவெளியில் குளிர்ந்தால் ஒட்டு விதை கெடும், மலையில் சூடானால் தாய் விதையே பெருகாது. இப்படிப்பட்ட காலத்தில், வானிலையை நம்பும் ஒரு தொழில்நுட்பம் வருகிறது என்றால், ஆபத்தை யார் சுமப்பது என்பதை முதலில் பேசித் தீர்க்க வேண்டாமா?

சட்டம் என்ன சொல்கிறது?

1966 விதைச் சட்டம் முதல் தவறுக்கு விதித்த அபராதம் எவ்வளவு தெரியுமா? அதிகபட்சம் 500 ரூபாய். ஒரு ஏக்கர் போனவனுக்கு ஒன்றிரண்டு மூட்டை யூரியா கணக்கு! அந்தப் பணமும் கஜானாவுக்குப் போகும், நமக்கு வராது. 2025 நவம்பரில் ஒன்றிய அரசு அந்தச் சட்டத்துக்குப் பதிலாகப் புதிய விதை மசோதாவின் வரைவை மக்கள் கருத்துக்கு வெளியிட்டது. அபராதத்தை எவ்வளவு ஏற்றினாலும், கெட்டுப்போன வயலுக்கு உரியவன் கையில் காசு வரும் வழி வைக்காத சட்டம் நமக்கு அரைச் சட்டம்தான்.

2001 பயிர் ரகப் பாதுகாப்பு மற்றும் விவசாயிகள் உரிமைச் சட்டத்தின் 39ஆம் பிரிவு, விதையை எடுத்து வைக்கவும், விதைக்கவும், பரிமாறவும், முத்திரையிடாமல் விற்கவும் நமக்கு உரிமை தருகிறது. பதிவு செய்த ரகம் சொன்னபடி விளையாவிட்டால் இழப்பீடு கேட்கவும் வழி செய்கிறது. நல்ல சட்டம்தான். ஆனால் இழப்பீட்டுக்கு டெல்லியில் உள்ள ஆணையத்தின் முன் போக வேண்டும். ஒன்றரை ஏக்கர்காரன் டெல்லிக்கு எப்படிப் போவான்? விதை வாங்கும் விவசாயியும் நுகர்வோர்தான், நுகர்வோர் மன்றத்துக்குப் போகலாம் என்று 2012இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. அது கொஞ்சம் பக்கத்தில் இருக்கும் கதவு. தட்டத் தெரிந்துகொள்வோம்.

இன்னொரு வாசலும் திறந்திருக்கிறது. டி.எம்.எஸ். 5 மரபணுவில் திருத்தம் செய்து, நல்ல ரகத்தையே நேராக மலட்டுத் தாயாக மாற்றலாம் என்று 2016இல் சீனாவில் செய்து காட்டினார்கள். வேறு உயிரின் மரபணு சேராத இப்படிப்பட்ட திருத்தங்களுக்குச் சில கட்டுப்பாடுகளிலிருந்து 2022இல் இந்திய அரசு விலக்கு அளித்தது. நாளைக்கு நம்ம ரகத்தையே தாயாக்கி, நம்மிடமே பையில் விற்கலாம். ரகம் நம்ம முன்னோர் காத்தது, திருத்தும் கருவியின் காப்புரிமை வெளிநாட்டில். அப்போது அந்த விதை யாருடையது?

நாம் கேட்பது

வீரிய ஒட்டு நெல்லே வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. விளைச்சல் கூடினால் யாருக்குக் கசக்கும்? வயல் வரப்பில் நின்ற ஒரு வேளாண் ஊழியரின் கண்ணில் பட்ட செடி இது. மக்கள் பணத்தில் வளர்ந்த அறிவு. அதன் பலன் மக்களுக்கு வர வேண்டும், ஆபத்து மட்டும் நம்ம தலைக்கு வரக்கூடாது. ஆகவே கேட்கிறோம்:

1. விதைப் பையில் தமிழில் எழுது. இருவழியா, மூவழியா? எந்த ஊரில், எந்தப் பருவத்தில் உண்டாக்கியது? இனத்தூய்மைச் சோதனை முடிவு என்ன? மறுபடி விதைத்தால் என்ன ஆகும்?

2. விதை உற்பத்தி செய்யும் விவசாயிக்கு அவர் மொழியில் எழுத்து ஒப்பந்தம் கொடு. வானிலையால் மலட்டுத் தன்மை தவறினால் சாகுபடிச் செலவையும் நியாயமான கூலியையும் விதைக்காரரே கொடுக்க வேண்டும்.

3. புதிய விதைச் சட்டத்தில் இழப்பீட்டைச் சேர். மாவட்டத்திலேயே விசாரணை, 90 நாளில் தீர்வு.

4. தாய் ரகங்களை அரசு வேளாண் பல்கலைக்கழகமும் அரசு விதைப் பண்ணைகளும் காப்பாற்றட்டும். வெப்ப வரம்பை ஆண்டுதோறும் சோதித்து முடிவை வெளியிடு. மக்கள் பணத்தில் உருவான ரகத்தை ஒரே கம்பெனிக்குத் தாரை வார்க்காதே.

5. ஆடுதுறை, கோவை ரகங்கள் போல விதை எடுத்து வைக்கக்கூடிய நெல் ஆராய்ச்சிக்கு நிதியைக் குறைக்காதே.

நாம் செய்ய வேண்டியது

விதை வாங்கும்போது ரசீது கேளுங்கள். துண்டுச் சீட்டை வாங்கிக்கொண்டு திரும்பாதீர்கள். பையில் தைத்த அட்டையைப் பாருங்கள். நீல அட்டை சான்று பெற்ற விதை. வெளிர்பச்சை அட்டை என்றால் விற்பவர் தன் பொறுப்பில் ஒட்டியது. பை, அட்டை, ரசீது, ஒரு பிடி விதை நான்கையும் அறுவடை முடியும் வரை பத்திரமாக வையுங்கள். கதிரில் குறை தெரிந்த அன்றே வேளாண் உதவி இயக்குநருக்கும் விதை ஆய்வாளருக்கும் எழுத்தில் புகார் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு ஒப்புதல் வாங்குங்கள். அறுத்த பிறகு போனால் சாட்சி இருக்காது.

மாதந்தோறும் ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் விவசாயிகள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்தில் இந்த ஐந்து கோரிக்கைகளையும் எழுந்து நின்று கேட்போம். கிராம சபையில் தீர்மானம் போடுவோம். ஒருவர் கேட்டால் மனு. ஊரே கேட்டால் அதுதான் போராட்டம்.

வெயிலும் பனியும் நமக்குப் புதிதல்ல. வானம் பொய்த்த ஆண்டுகளில் எல்லாம் கடன்பட்டுச் சுமந்தவர்கள் நாம்தான். நாம் செய்யாத விதைக்கு, நாம் அறியாத மரபணுவுக்கு, வேறொருவர் லாபத்துக்காக அந்த வானத்தையும் சேர்த்துச் சுமக்கச் சொன்னால் சம்மதிக்க மாட்டோம்.

விதையை விற்பவனே வானிலைக்கும் பொறுப்பேற்கட்டும்! ஒன்றுகூடுவோம், வாருங்கள்!